அஞ்செட்டிக்கு எடுத்துப்போன மாத்திரை

காவியாவின் இடது கைக் கட்டைவிரல் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் முதன்முதலில் துடித்தது. ஓசூர் சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை. விளக்கு பொருத்திய பெரிய லென்சுக்குக் கீழே சர்க்யூட் போர்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். போர்டைப் பிடித்திருந்த விரல் தானாக இழுத்தது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் திரும்புவதற்குள் அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை வந்தது. சில சமயம் விரலில் தொடங்கி மணிக்கட்டு வரை ஏறும். குனிந்தே உட்கார்ந்திருப்பதால் நரம்பு இழுக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லைன் லீடர் பதவிக்கு அவள் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். கை நடுங்குகிறது என்று யார் காதிலாவது விழுந்தால் அவ்வளவுதான். அறையில் கூட இருந்த ரூபாவிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்றில் இருவரும் மூன்று வருடமாக இருந்தார்கள். காவியா வேப்பனப்பள்ளிப் பக்கம். அப்பா சென்னப்பனுக்கு மாந்தோப்பு உண்டு. ரூபா அஞ்செட்டிக்கு மேலே, காட்டை ஒட்டிய ஊர். காவியாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சென்ட்ரிங் வேலைக்கு என்று பெங்களூர் போன கணவன் திரும்பி வரவில்லை. மகள் சுவாதியை அம்மா நஞ்சம்மாவிடம் விட்டுவிட்டு, அதே கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தாள். சமையல் ரூபாவின் பொறுப்பு. பாத்திரமும் துணியும் காவியாவின் பொறுப்பு. ரூபா ஈரக்கையால் உருட்டிப் போடும் ராகிக் களியும், பச்சை மல்லியை வதக்காமல் அரைக்கும் சட்னியும் காவியாவுக்கு அலுத்ததே இல்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ரூபா கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ப் பன்றிக்கறி வறுவல் சாப்பிட்டுவிட்டு வருவாள். காவியா அந்தக் கடைத் தெருப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டாள்.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர்தான் பெரும்பாடு. பொதுக் குழாயில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் லாரி வரும்வரை குடத்தில் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். கை கழுவ அரைச் செம்புக்கு மேல் யாரும் செலவழிப்பதில்லை. கக்கூஸ் பக்கம் சோப்பு வைத்தால் மறுநாள் இருக்காது. இதையெல்லாம் ஒரு குறையாக நினைக்கக்கூட அங்கே யாருக்கும் நேரமில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், காலை டீ முடிந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், விரல் மறுபடி துடித்தது. இந்தத் தடவை மணிக்கட்டில் நிற்கவில்லை. முழங்கை, தோள், கழுத்து என்று ஏறியது. முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போவது அவளுக்கே தெரிந்தது. லென்சில் போர்டு பெரிதாகத் தெரிந்ததுதான் கடைசி நினைவு.

மீதியைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். நாற்காலியோடு சாய்ந்தாளாம். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணிக்க ஓடிவந்தார்களாம். அதற்குள் பேக்கிங்கிலிருந்து ரூபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சாவியைத் தட்டிவிட்டு, கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருந்த முதலுதவிப்படி அவளைப் பக்கவாட்டில் சாய்த்துத் தலைக்குக் கீழே தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தாளாம். காவியா கண் விழித்தபோது ஆம்புலன்சில் இருந்தாள். நாக்கு கடிபட்டு எரிந்தது. ரூபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கன்னடத்திலும் தமிழிலும் மாறிமாறி, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலையை ஸ்கேன் செய்தார்கள். மூளையின் வலது பக்கத்தில் மோதிரம் போல ஒரு வளையம் தெரிந்தது. காசநோய்க் கட்டியாக இருக்கலாம், புழுக்கட்டியாகவும் இருக்கலாம், கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் நரம்பு மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். தகவல் கேட்டு சென்னப்பனும் அம்மா வெங்கடம்மாளும் நேராகக் கிருஷ்ணகிரிக்கே வந்துவிட்டார்கள். வெங்கடம்மாள் மகளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, யார் யார் பார்த்தார்கள் என்று. வலிப்பு என்று ஊருக்குள் பரவிவிட்டால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்பது அவள் கவலை. சென்னப்பன் கட்டிலுக்குக் கீழே கிடந்த மகளின் செருப்பை எடுத்து ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டு நின்றார்.

நரம்பு மருத்துவர் தினேஷ்குமார் நாற்பது வயதுக்காரர். அவசரப்படாமல் பேசுவார். கைவிரல் எப்போதிலிருந்து துடிக்கிறது என்று அவர் கேட்டதும் காவியா பொய் சொல்லாமல் சொல்லிவிட்டாள். அதுவும் வலிப்புதான், மூளையின் ஒரு சின்ன இடத்தில் மட்டும் வந்து போகிற வலிப்பு என்றார் அவர். நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்த்தார். காசநோய்க்கான அறிகுறி இல்லை. பிறகு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். மறுநாள் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி மூவரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். பழைய வளையத்துக்குச் சற்று முன்னால் இன்னொன்று இருந்தது. சின்ன நீர்க்குமிழி போல. அதற்குள் வெள்ளையாக ஒரு புள்ளி.

"இந்தப் புள்ளிதான் புழுவோட தலை. நாடாப்புழு. இது தெரிஞ்சதால இனிமே சந்தேகமே இல்ல. மருந்து இருக்கு, குணமாகும்" என்றார்.

மூளைக்குள் புழு என்ற சொல்லைத் தாண்டி வேறு எதுவும் வெங்கடம்மாள் காதில் ஏறவில்லை.

காவியாவுக்குக் கோபம்தான் வந்தது. "சார், அது பன்னிக்கறி திங்கறவங்களுக்குத்தான வரும்? நான் என் வாழ்நாள்ல அதத் தொட்டதே இல்ல."

நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மருத்துவர் விளக்கினார். வேகாத பன்றிக்கறி சாப்பிட்டால் புழு வருவது குடலில். குடலில் புழு இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் அவர் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வெளியே வரும். கை சரியாகக் கழுவாவிட்டால் அந்த முட்டை சோற்றிலும் தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் கலந்து இன்னொருவர் வயிற்றுக்குள் போகும். அங்கே பொரிந்து, ரத்தத்தோடு போய் மூளையில் தங்கும். கோழி முட்டைகூடத் தொடாத சைவக்காரர்கள் பலருக்கு அவரே வைத்தியம் பார்த்திருக்கிறார். உள்ளே போய்ப் பல மாதம், பல வருடம் கழித்துத்தான் வலிப்பு வரும் என்பதால் எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றார்.

அன்று மாலை வேலை முடிந்து பஸ் பிடித்து வந்திருந்த ரூபா, வாசல்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. கையில் இருந்த சாப்பாட்டுப் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வைத்தியம் படிப்படியாக நடந்தது. வலிப்புக்கு மாத்திரையை முதல் நாளே தொடங்கியிருந்தார்கள். புழுவைக் கொல்லும் மருந்துக்கு முன்னால் கண் மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணில் புழு இருந்து அது செத்து வீங்கினால் பார்வைக்கே ஆபத்தாம். கண்ணில் எதுவும் இல்லை. பிறகு வீக்கத்தை அடக்கும் ஊசி போட்டு, அதற்கு மறுநாள் புழு மருந்து. வெறும் வயிற்றில் வேண்டாம், கொஞ்சம் நெய்யோ பாலோ சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று நர்ஸ் சொன்னாள். வெங்கடம்மாளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வேளை தவறாமல் நெய்ச்சோறு பிசைந்து ஊட்டினாள்.

மருந்து தொடங்கி இரண்டு நாள் கழித்துத் தலை பிளந்துவிடுவது போல வலித்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. கை மறுபடி துடித்தது. இந்த மருந்தே வேண்டாம், நிறுத்துங்கள் என்று வெங்கடம்மாள் அழுதாள். மருத்துவர் வந்து ஊசி மருந்தைக் கூட்டினார். புழு சாகும்போது உடம்பு அதோடு சண்டை போடும், அந்த வீக்கம்தான் இது, இதற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்திருக்கிறோம் என்றார். அன்று மதியம் முழுக்கக் காவியா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். மூன்று வருடம் தின்ற களியும் சட்னியும் நினைவுக்கு வந்தன. ரூபாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சாயங்காலம் வலி குறைந்தபோது, ஆம்புலன்சில் தன் கையை விடாமல் பிடித்திருந்த கையும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் ரூபா யாரும் சொல்லாமலே மருத்துவரைப் போய்ப் பார்த்திருந்தாள். சில மாதமாக வெள்ளையாக, நாடாத் துண்டு போல ஏதோ வெளியே போவதைக் கவனித்திருந்தாள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். தலைவலி உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டு, சோதித்துப் பார்த்து, முடிவு வந்ததும் மருந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். முடிவு வந்தது. புழு இருந்தது. ஆனால் மருந்து வாங்க ரூபா வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

காவியாவை வீட்டுக்கு அனுப்பிய நாளில் மருத்துவர் இதைச் சொன்னார். உங்கள் ரூபா அக்கா எங்கே என்று கேட்டார். ஒரே ஒரு வேளை மருந்துதான், அதைப் போடாவிட்டால் அவள் மூளைக்கும் அந்த முட்டை போகலாம், அவள் சமைப்பதைச் சாப்பிடுகிறவர்களுக்கும் போகலாம் என்றார். காவியா கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஒருத்திக்குப் போன் போட்டாள். ரூபா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாக அவள் சொன்னாள்.

ஊர் என்றால் அஞ்செட்டி. அங்கே சுவாதி இருக்கிறாள். நாலு வயதுக் குழந்தை.

காவியா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். அம்மாவின் வாயில் இந்த விஷயம் ரூபாவின் வீடு, வாசல், சாதி என்று எங்கெங்கோ போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சென்னப்பன் மருந்துக் கடைப் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ள இல்லன்னா அன்னிக்கு உன் கையில சாவியத் திணிச்சிட்டு வேடிக்க பாத்திருப்பாங்க" என்றார். "வாங்கிக்க. போலாம்."

மருத்துவர் ரூபா பெயரில் எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டார்கள். வெங்கடம்மாளை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு, மூக்கண்டப்பள்ளி அறையில் இரண்டு நாள் ஓய்வுக்குப் பின், அப்பாவும் மகளும் ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போய் அங்கிருந்து அஞ்செட்டி பஸ் ஏறினார்கள். காவியாவுக்கு இன்னும் லேசாகத் தலை சுற்றியது. காட்டு வளைவுகளில் சென்னப்பன் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். பதினாறு வயதுக்குப் பிறகு அப்பா அவளைத் தொட்டு உட்கார்ந்தது அன்றுதான். அஞ்செட்டியில் இறங்கி, மேலே போகிற ஒரு டெம்போவில் இடம் கேட்டுப் போனார்கள்.

வீட்டு வாசலில் நஞ்சம்மா சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். ரூபா அங்கே இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. அங்கே உட்கார்ந்திருந்தாள். சுவாதி சற்றுத் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து ரூபா குழந்தையைத் தூக்கவே இல்லை என்று நஞ்சம்மா கன்னடத்தில் புலம்பினாள். அடுப்புப் பக்கம் வருவதில்லை, குடத்தைத் தொடுவதில்லை, என்ன நோய் என்றும் சொல்வதில்லை, பேய் பிடித்தவள் போல உட்கார்ந்திருக்கிறாள் என்றாள்.

காவியா கொட்டகைக்குப் போனாள். ரூபா எழுந்து பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராத, காவியா. உனக்குப் பண்ணினது போதும்."

"தொட்டா வராதுக்கா. டாக்டர் சொன்னத நீ பாதிதான் கேட்டிருக்க."

ரூபா தலை நிமிரவில்லை. "என் கையாலதான உனக்குப் போட்டேன். தினமும் போட்டேன்."

காவியா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது நல்ல நல்ல வார்த்தைகளாக யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில ஒரு நாள் உன்மேல அவ்ளோ கோவம் வந்துச்சு. டாக்டர் அந்த வெள்ளைத் துண்டப் பத்திச் சொன்னப்ப, நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னன்னு மறுபடியும் வந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். என் கை துடிச்சத நானும்தான் உன்கிட்ட சொல்லல. நம்ம ரெண்டு பேருமே வாயத் தெறக்கல."

இது அவளிடமிருந்துதான் வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று டாக்டருக்கே உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னாள். ரூபா அதை நம்பியது போலத் தெரியவில்லை. ஆனால் மாத்திரையைக் கையில் வாங்கினாள். சென்னப்பன் நஞ்சம்மாவிடம் தெலுங்கு கலந்த கன்னடத்தில், வயிற்றில் புழு, அவ்வளவுதான், மருந்து வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நஞ்சம்மா கொஞ்சம் கஞ்சி ஊற்றிக் கொண்டுவந்தாள். ரூபா அதைக் குடித்துவிட்டு, மாத்திரைகளை ஒவ்வொன்றாக மென்று விழுங்கினாள். கசப்பில் முகத்தைச் சுளித்தாள்.

பிறகு காவியா பையிலிருந்து சோப்பை எடுத்தாள். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற, ரூபா முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போதும் என்று காவியா சொன்ன பிறகும் கழுவினாள். பயத்தில் துடைக்க மறந்த ஈரக்கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் சுவாதி தானாக ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் ரூபா அழுதாள். அங்கே நின்ற நாலு பேரில் அவளைச் சமாதானப்படுத்த யாரும் அவசரப்படவில்லை.

அடுத்த வாரம் அஞ்செட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கும் நஞ்சம்மாவுக்கும் பரிசோதனை செய்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை. ரூபாவுக்குச் சில வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது புழு போயிருந்தது. அவள் வேலைக்குத் திரும்பினாள். அதே அறைக்குத் திரும்ப மட்டும் தயங்கினாள். காவியா போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

காவியா வேலையில் சேர்வதுதான் கடினமாக இருந்தது. கம்பெனியில் முதலில் யோசித்தார்கள். வலிப்பு வந்தவளைத் திரும்ப எடுத்து நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று மேலாளர் கேட்டாராம். மருத்துவர் எழுதிக்கொடுத்ததைக் கம்பெனி மருத்துவர் பார்த்து, ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், உட்கார்ந்து செய்கிற வேலை தாராளமாகச் செய்யலாம், நைட் ஷிப்ட் மட்டும் போடாதீர்கள் என்றார். லைன் லீடர் பதவி வேறொருத்திக்குப் போய்விட்டது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று அவள் சொன்னதில்லை. லென்சுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்த முதல் நாள் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சும்மா இருந்தது.

வலிப்பு வந்ததை அவள் மறைக்கவில்லை. கேன்டீனில் கேட்டவர்களுக்கெல்லாம் என்ன நோய், எப்படி வருகிறது என்று சொன்னாள். ரூபா பெயரை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. கட்டடத்தில் இருந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போய், கக்கூஸ் பக்கம் ஒரு தனிக் குழாயும் தொட்டியும் வேண்டும் என்று நின்றாள். அவர் முதலில் இழுத்தடித்தார். மூளையில் புழு என்ற பேச்சு தெருவில் பரவத் தொடங்கியதும் ஆளை விட்டுக் குழாய் போட்டுவிட்டார். சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டாள் ரூபா. பச்சை மல்லியை இப்போது அவள் கொட்டிக் கொட்டி அலசுகிற அலசலில் வாசனையே போய்விடுகிறது என்று காவியா குறைபட்டுக்கொண்டாள்.

வெங்கடம்மாளிடம் ஒரு நாள் சென்னப்பன் ரூபா விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் பத்து நாள் மகளிடம் பேசவில்லை. பிறகு மாம்பழக் காலத்தில் ஒரு கூடை அனுப்பினாள். ரூபாவுக்கு என்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர் தின்றாலும் தீராத அளவுக்குப் பழம் இருந்தது.

ஆடி முடிந்து மறுபடி எம்ஆர்ஐ எடுத்தார்கள். ரூபா லீவு போட்டுக்கொண்டு கூட வந்திருந்தாள். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். குமிழி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வளையம் இருந்த இடத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு தழும்பு. புழு செத்துச் சுண்ணாம்பாகிவிட்டது, அது ஒன்றும் செய்யாமல் அப்படியே கிடக்கலாம், சில பேருக்கு அதுவே எப்போதாவது வலிப்பைக் கிளப்பலாம், அதனால் வலிப்பு மாத்திரையை உடனே நிறுத்த வேண்டாம் என்றார்.

"எவ்ளோ நாள் சார்?"

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும். வலிப்பே வரலன்னா கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்."

ஸ்கூட்டர் ஓட்டலாமா என்று கேட்டாள். இப்போதைக்குப் பின்னால் உட்கார்ந்து போகலாம் என்று சிரித்தார் அவர்.

வெளியே வந்ததும் ரூபா முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நின்று, சுவாதியை ஓசூருக்கே கூட்டிவந்து பள்ளியில் போடலாமா என்று பார்க்கிறேன், அம்மாவும் வருகிறேன் என்கிறாள், அறை போதாதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த வரிசையிலேயே கடைசியில் இரண்டு அறை சேர்ந்தாற்போல ஒரு வீடு காலியாகப் போகிறது என்று காவியாவுக்குத் தெரியும். இன்றைக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டே, ஓசூர் என்று கூவிக்கொண்டிருந்த பஸ்ஸில் அவள் முதலில் ஏறி ரூபாவுக்கும் இடம் பிடித்தாள்.